தோற்றால் மூட்டை கட்டு: விக்டோரியா காலத்துக் கால்பந்துக் கோப்பைகள்

1872 மார்ச் மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து குயின்ஸ் பார்க் என்ற கால்பந்து அணி லண்டனுக்கு ரயில் ஏறியது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சீசன் அது. அந்த அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தப் போட்டியில் அவர்கள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

முதல் சுற்றில் அவர்களுக்கு வாய்த்த எதிரணி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலிருந்த டானிங்டன் பள்ளி. கிளாஸ்கோ எங்கே, டானிங்டன் எங்கே? யார் யாரிடம் பயணம் போவது என்பது முடிவாகாததால் இருவரையுமே அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த சுற்றிலும் அதே பள்ளியோடு மோதும்படி சீட்டு விழுந்தது. பள்ளி விலகிக்கொண்டது. மூன்றாம் சுற்றில் மிஞ்சியவை ஐந்து அணிகள். ஒற்றைப்படை என்பதால் ஓர் அணிக்கு எதிரணி கிடையாது. அந்த அதிர்ஷ்டமும் குயின்ஸ் பார்க்குக்கே. அரையிறுதியில் லண்டனின் வாண்டரர்ஸ் அணியோடு 0-0 என டிரா செய்தார்கள். மறு ஆட்டம் ஆட வேண்டுமானால் மறுபடி அவ்வளவு தூரம் வர வேண்டும், கையில் காசில்லை. விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை, ஒரு கோல் வாங்கவில்லை, ஒரு கோல் போடவுமில்லை. ஆனாலும் வெளியே.

இன்றைய ரசிகர் இதைப் படித்தால் கேலிக்கூத்து என்பார். ஆனால் இன்று நாம் ஆடும் கால்பந்தின் விதிகளில் பலவும் இந்த மாதிரிக் குளறுபடிகளைச் சரிசெய்யப் போய் வந்தவைதான். அந்தக் கோப்பைகள் எப்படி நடந்தன என்று தெரிந்துகொண்டால், கால்பந்து ஏன் இப்படி இருக்கிறது என்பதும் பாதி விளங்கிவிடும்.

நாக்-அவுட் கணக்கு

கோப்பைப் போட்டியின் அடிப்படை எளிது. பெயர் கொடுத்த அணிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. கடைசியில் இரண்டே அணிகள் மிஞ்சும்போது இறுதி ஆட்டம். அணிகளின் எண்ணிக்கை 8, 16, 32 என்று இருந்தால் கணக்கு ஒழுங்காக விழும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ஆடாமலே மேலே போக வேண்டியிருக்கும். அதற்குப் பெயர் 'பை'. எதிரணி வராமல் போனதால் கிடைக்கும் வெற்றிக்குப் பெயர் 'வாக் ஓவர்'. இந்த இரண்டும் தெரிந்தால் அந்தக் கால முடிவுப் பட்டியல்களை யாரும் படித்துவிடலாம். ஏனென்றால் அவற்றில் பாதி இடத்தில் கோல் எண்ணிக்கைக்குப் பதிலாக இந்த வார்த்தைகள்தான் இருக்கும்.

லீக் முறையோடு ஒப்பிட்டால் இதன் வசதி புரியும். 1871-72 எஃப்.ஏ. கோப்பையில் பெயர் கொடுத்தவை 15 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை ஆட வேண்டும் என்று வைத்தால் 210 ஆட்டங்கள் தேவை. நாக்-அவுட் என்றால் 14 அணிகளை வெளியேற்றினால் போதும். மறு ஆட்டங்களைச் சேர்க்காவிட்டால் 14 ஆட்டங்களுக்கு மேல் தேவையில்லை. ஆடியவர்கள் எல்லாம் வேறு வேலை பார்க்கிறவர்கள், கிடைப்பது சனிக்கிழமை மட்டும், பயணச் செலவு அவரவர் பையிலிருந்து என்ற நிலையில் லீக்கை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. உலகின் முதல் கால்பந்து லீக் இங்கிலாந்தில் 1888-இல்தான் தொடங்கியது, அதுவும் 12 அணிகளோடு. அதற்கு முந்தைய 17 ஆண்டுகள் கோப்பைதான் எல்லாம்.

விதி ஊருக்கு ஊர்

கோப்பைக்கு முன்னால் என்ன இருந்தது? நட்பு ஆட்டங்கள். இரண்டு கேப்டன்கள் கடிதம் எழுதிப் பேசிக்கொள்வார்கள்: ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம், யாருடைய விதி. 1863 அக்டோபர் 26-ஆம் தேதி லண்டனின் ஃப்ரீமேசன்ஸ் டாவர்னில் கூடி ஃபுட்பால் அசோசியேஷன் என்ற சங்கத்தை ஆரம்பித்துப் பொது விதிகளை எழுதினார்கள். அதைத்தான் எஃப்.ஏ. என்கிறோம். எழுதினார்களே தவிர, எல்லோரும் கேட்கவில்லை. ஷெஃபீல்டு நகரத்துக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருந்தன. 1877 வரை அதைவிட்டு அவர்கள் முழுதாக இறங்கி வரவில்லை.

உண்மையில் கோப்பைக்கு ஆடும் பழக்கத்தை ஆரம்பித்தவர்களும் ஷெஃபீல்டுக்காரர்களே. 1867-இல் தாமஸ் யூடன் என்ற நாடகக் கொட்டகை முதலாளி கொடுத்த பரிசுக்கு அந்த ஊரின் 12 கிளப்புகள் மோதின. அவர்கள் விதிப்படி கோல் கம்பங்களுக்கு வெளியே இருபுறமும் இன்னும் ஒவ்வொரு கொடி நட்டிருக்கும். பந்து அந்த இடைவெளியில் போய், தாக்கும் அணிக்காரர் அதை முதலில் தொட்டுவிட்டால் அதற்கு 'ரூஜ்' என்று ஒரு புள்ளி. இறுதி ஆட்டத்தில் ஹாலம் அணி நார்ஃபோக் அணியை வென்றது இரண்டு ரூஜ்களால். ஒரு கோல்கூட விழவில்லை. அந்த வெள்ளிக் கோப்பை பிற்பாடு காணாமல் போய், 1990-களில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடமிருந்து ஹாலம் கிளப்புக்கே திரும்பி வந்தது.

அல்காக்கின் யோசனை

தேசம் முழுவதுக்குமான கோப்பை என்ற யோசனையை முன்வைத்தவர் சார்லஸ் அல்காக். ஹாரோ பள்ளியில் படித்தவர். அங்கே விடுதிகளுக்கு இடையே நாக்-அவுட் முறையில் கால்பந்துப் போட்டி நடக்கும். எஃப்.ஏ.வின் செயலாளரானதும் அதையே பெரிதாகச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1871 ஜூலை 20 அன்று 'ஸ்போர்ட்ஸ்மேன்' பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்து உறுப்பினர் கிளப்புகள் எல்லாம் கலந்துகொள்ளும்படி ஒரு சவால் கோப்பை தேவை என்பதே சாரம். கோப்பையின் விலை 20 பவுண்டு. அதற்குக் குயின்ஸ் பார்க்கும் ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்தது. அந்தக் கோப்பை ஒன்றரை அடி உயரம்தான். 'குட்டித் தகரச் சிலை' என்று மக்கள் பிற்பாடு செல்லமாக அழைத்தார்கள், வெள்ளியில் செய்தது என்றாலும்.

அல்காக் பேர்வழியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். போட்டியை உருவாக்கியவர் அவர், சங்கச் செயலாளர் அவர், வாண்டரர்ஸ் அணிக் கேப்டனும் அவரே. அரையிறுதியும் இறுதியும் நடந்த கெனிங்டன் ஓவல் மைதானம் சர்ரே கிரிக்கெட் கிளப்புடையது. 1872-இல் அந்தக் கிளப்புக்கும் அவர் செயலாளரானார். இன்று இப்படி ஒருவர் இருந்தால் ஊடகங்கள் சும்மா விடுமா?

போட்டிக்காகச் சங்கம் சில விஷயங்களை முன்கூட்டியே எழுதி வைத்தது: ஒரு பக்கத்துக்கு 11 பேர், ஆட்ட நேரம் ஒன்றரை மணி, இரண்டு அம்பயர்கள், அவர்களுக்கு மேல் ஒரு நடுவர். இன்று இவற்றை வானத்திலிருந்து விழுந்த சட்டம்போல் நினைக்கிறோம். அன்று இவை ஒரு போட்டியின் நிபந்தனைகள் மட்டுமே. நட்பு ஆட்டத்தில் 14 பேர் இறங்கினாலும் கேட்பாரில்லை. கோப்பையில் அப்படி விட முடியாது, தோற்றவர் சும்மா இருக்க மாட்டார்.

வாண்டரர்ஸ் இறுதிக்கு வந்த கதையும் குயின்ஸ் பார்க் கதைக்குச் சளைத்ததில்லை. முதல் சுற்றில் எதிரணியான ஹாரோ செக்கர்ஸ் வரவில்லை. இரண்டாம் சுற்றில் கிளாஃபம் ரோவர்ஸை 3-1 என வென்றார்கள். மூன்றாவதில் கிரிஸ்டல் பேலஸோடு 0-0. அன்றைய விதிப்படி சங்கம் விரும்பினால் இருவரையும் மேலே அனுப்பலாம், அனுப்பியது. அரையிறுதி நாம் பார்த்ததுதான். ஆக, ஒரே ஒரு வெற்றியோடு இறுதி ஆட்டம்.

எதிரே நின்றது ராயல் இன்ஜினியர்ஸ், ராணுவப் பொறியாளர் படையின் அணி. வெல்வது அவர்கள்தான் என்று பந்தயம் கட்டியவர்கள் சொன்னார்கள். 1872 மார்ச் 16, ஓவல் மைதானம், சுமார் 2,000 பேர், நுழைவுக்கட்டணம் ஒரு ஷில்லிங். மைதானத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் நமக்கு ஆட்டமே அடையாளம் தெரியாது. கோலுக்கு வலை கிடையாது. மேலே கட்டைக்குப் பதில் இரண்டு கம்பங்களுக்கும் இடையே ஒரு நாடா. கோல் விழுந்தால் உடனே அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும். நடுவர் களத்துக்குள்ளேயே வர மாட்டார், வெளியே நின்று அம்பயர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் தீர்ப்புச் சொல்வார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் இன்ஜினியர்ஸின் லெப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்குக் காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மனிதர் வெளியேறாமல் கடைசிவரை களத்திலேயே நின்றார்.

ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் பெயர் பட்டியலில் 'ஏ. எச். செக்கர்' என்று இருந்தது. அது புனைபெயர். ஆள் மார்ட்டன் பீட்டோ பெட்ஸ். முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிராக வராமல் போனதே ஹாரோ செக்கர்ஸ், அந்தக் கிளப்பின் ஆள்! 'ஹாரோ செக்கர்ஸ்காரன் ஒருவன்' என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு எதிரணிக்கு ஆடி, கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். ஒரு சீசனில் ஒரே கிளப்புக்கு மட்டும் ஆடலாம் என்ற கட்டுப்பாடு பிற்பாடு ஏன் இவ்வளவு இறுகியது என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

சவால் கோப்பை என்ற பெயருக்கும் அன்று சொன்னபடியே அர்த்தம் இருந்தது. கோப்பையை வைத்திருப்பவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் தங்களுக்குள் மோதி ஒருவர் மட்டும் வந்து அவருக்குச் சவால் விட வேண்டும். குத்துச்சண்டைப் பட்டம் மாதிரி. 1873-இல் வாண்டரர்ஸ் அப்படி நேரே இறுதிக்குப் போய் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை 2-0 என வென்றார்கள். அந்த ஆட்டம் காலையிலேயே நடந்தது, மத்தியானம் தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பார்க்கப் போக வேண்டுமே! வைத்திருப்பவருக்கு நேரடி இடம் என்ற சலுகை அந்த ஒரு வருடத்தோடு போய்விட்டது. 1876, 77, 78 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றபோது கோப்பை வாண்டரர்ஸுக்கே சொந்தமாகியிருக்க வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், இனி யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

வடக்கே

லண்டனிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய குயின்ஸ் பார்க் சும்மா இருக்கவில்லை. 1873 மார்ச்சில் எட்டுக் கிளப்புகள் சேர்ந்து ஸ்காட்லாந்துச் சங்கத்தை அமைத்தன. 1873-74-இல் ஸ்காட்டிஷ் கோப்பை தொடங்கியது, 16 அணிகளோடு. முதல் இறுதியில் கிளைட்ஸ்டேலை 2-0 என வென்று கோப்பையைத் தூக்கியது குயின்ஸ் பார்க்கே. அந்த வெள்ளிக் கோப்பை இன்றும் இருக்கிறது. தேசியக் கால்பந்துக் கோப்பைகளில் உலகிலேயே பழையது அது. 'ஆனால் எஃப்.ஏ. கோப்பை அதைவிட மூத்ததாயிற்றே' என்று கேட்டால், போட்டி மூத்தது, பாத்திரம் மூத்ததல்ல. காரணம் கீழே வருகிறது.

ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் இருபது வருட வரலாற்றைப் புகார் மனுக்களின் வரலாறு என்றே சொல்லலாம். 1879 இறுதியில் ரேஞ்சர்ஸும் வேல் ஆஃப் லெவனும் 1-1. தங்கள் இன்னொரு கோலை நடுவர் மறுத்தது தவறு என்று ரேஞ்சர்ஸ் புகார் கொடுத்தது. சங்கம் கேட்கவில்லை. மறு ஆட்டத்துக்கு ரேஞ்சர்ஸ் வரவேயில்லை, கோப்பை வேல் ஆஃப் லெவனுக்கு. 1884-இல் அதே வேல் ஆஃப் லெவன், ஆட்டக்காரர்கள் சிலர் ஆட முடியாத நிலையில் இறுதிக்கு வராமல் போக, கோப்பை குயின்ஸ் பார்க்குக்கு. 1889-இல் பனிக்கு நடுவே தேர்டு லானார்க் செல்டிக்கை 3-0 என வென்றது. மைதானம் ஆடத் தகுதியற்றது என்று அந்த ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். மறுபடி ஆடி மறுபடியும் தேர்டு லானார்க்கே வென்றது, 2-1.

நாக்-அவுட் குலுக்கலின் இன்னொரு குணத்தையும் ஸ்காட்லாந்து காட்டியது. குலுக்கல் பலம் பார்க்காது. 1885 செப்டம்பர் 12 அன்று ஆர்ப்ரோத் அணி போன் அக்கார்டு என்ற அபர்டீன் அணியை 36-0 என வென்றது. ஜான் பெட்ரி மட்டும் 13 கோல். அதே நாளில் டண்டி ஹார்ப் இன்னோர் அணியை 35-0 என வென்றிருந்தது என்பதுதான் இதில் கொடுமை. 35 கோல் போட்டும் அன்றைய சாதனை கைக்கு வரவில்லை.

வேல்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1876-இல் சங்கம், 1877-78-இல் கோப்பை. முதல் இறுதியில் ரெக்ஸ்ஹாம் ட்ரூயிட்ஸை 1-0 என வென்றது, ஆனால் கையில் கொடுக்கக் கோப்பை தயாராக இல்லை. சங்கத்திடம் பணமில்லை.

ஆலைத் தொழிலாளர்கள் வருகிறார்கள்

முதல் பத்து வருடங்கள் எஃப்.ஏ. கோப்பை பெரிய வீட்டுப் பிள்ளைகளின் சொத்து. பழைய ஈட்டன் மாணவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு, ராணுவ அதிகாரிகள் என்று அவர்களுக்குள்ளேயே சுற்றியது. அதை அசைத்தது லங்காஷயரின் பருத்தி ஆலை ஊர்கள். ஆலைச் சட்டங்களால் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்தது. ஆடவும் பார்க்கவும் ஆள் சேர்ந்தது.

1879 காலிறுதியில் டார்வென் என்ற சிறிய ஆலை ஊரின் அணி ஓவலில் ஓல்டு ஈட்டோனியன்ஸைச் சந்தித்தது. எதிரணியில் பிரபு வம்சத்து ஆர்தர் கின்னேர்டு. ஒன்பது எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் ஆடியவர், பின்னாளில் 33 வருடம் சங்கத் தலைவராக இருந்தவர். ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது டார்வென் 1-5 எனப் பின்தங்கியிருந்தது. அந்தக் கால் மணியில் நான்கு கோல் போட்டு 5-5 ஆக்கினார்கள். கூடுதல் நேரம் ஆடலாமா என்று டார்வென் கேட்டது. ஈட்டோனியன்ஸ் மறுத்தார்கள். மறு ஆட்டத்துக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றது. அதற்கும் மறுப்பு. தோழர்கள் மறுபடி லண்டன் போக ஊரார் வீடு வீடாக, ஆலை ஆலையாகப் பணம் திரட்டினார்கள். இரண்டாவது ஆட்டம் 2-2. மூன்றாவது பயணம். களைத்துப்போன கால்கள் 2-6 எனத் தோற்றன. அந்த வருடக் கோப்பையை ஈட்டோனியன்ஸே வென்றார்கள். என் கணக்கில் அந்தக் காலத்தின் மிக முக்கியமான தோல்வி இது. ஒரு பக்கம் மூன்று முறையும் பயணம் செய்ய, மறுபக்கம் சொந்த ஊரிலேயே இருக்கும் முறை நியாயமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் மூடி வைக்க முடியவில்லை.

டார்வெனில் ஃபெர்கஸ் சூட்டர், ஜிம்மி லவ் என்ற இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடினார்கள். கல் கொத்தும் வேலை தெரிந்த சூட்டர் ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பது எப்படி என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கைமாறிய காசைப் பற்றி அத்தனை பேருக்கும் தெரியும், நிரூபிக்க முடியாது. பணம் வாங்கி ஆடுவதற்குச் சங்கத்தின் தடை இருந்தது.

1883 இறுதியில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அதே ஓல்டு ஈட்டோனியன்ஸைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வீழ்த்தியது. அணியில் நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளர், பிளம்பர், இரும்பு வார்ப்பட ஊழியர், பல் மருத்துவரின் உதவியாளர். முக்கிய ஆட்டங்களுக்கு முன்னால் பயிற்சிக்காக அணியைக் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு அழைத்துப் போனார்கள். விளையாட்டுக்காகத் தனியே பயிற்சியா என்று தெற்கே முகம் சுளித்தார்கள். அடுத்த வருடம் பிரெஸ்டன் அணிமீது பணம் கொடுப்பதாகப் புகார் எழுந்தது. அதன் நிர்வாகி வில்லியம் சுடெல் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அணியைப் போட்டியிலிருந்து தூக்கினார்கள், ஆனால் விஷயம் அம்பலமாகிவிட்டது. 1885 ஜூலையில் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டப்படி செல்லும் என்றாயிற்று. பிறகு 1901-இல் டாட்டன்ஹாம் வெல்லும்வரை அந்தக் கோப்பை லண்டன் பக்கம் திரும்பவேயில்லை.

இடையில் கோப்பையே காணாமல் போனது. 1895 செப்டம்பரில் கோப்பையை வைத்திருந்தது ஆஸ்டன் வில்லா. பர்மிங்ஹாமில் வில்லியம் ஷில்காக் என்பவரின் கடைக் கண்ணாடிக்குள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். இரவோடு இரவாகத் திருட்டுப் போய்விட்டது, திரும்பக் கிடைக்கவேயில்லை. வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம். 1893-இல் வென்ற உல்வர்ஹாம்ப்டன் ஆட்டக்காரர்களுக்குச் சின்னச் சின்ன நகல்கள் கொடுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. அவற்றைப் பார்த்துப் புதுக் கோப்பை செய்தார்கள்.

அயர்லாந்து: ஒரு ஜவுளிக்கடை மேலாளரின் வேலை

மற்ற மூன்று தேசங்களிலும் கிளப்புகள் இருந்தன, அதனால் கோப்பை வந்தது. அயர்லாந்தில் அப்படியில்லை. அங்கே 1870-களில் ரக்பி இருந்தது, கிராமங்களில் பழைய பந்து விளையாட்டுகள் இருந்தன. காலால் மட்டும் ஆடும் இந்த ஆட்டத்தை அறிந்தவர்கள் சொற்பம். பெல்ஃபாஸ்டில் ஆண்கள் உடைக் கடை ஒன்றின் மேலாளர் ஜான் மெக்அலரி. தேனிலவுக்கு ஸ்காட்லாந்து போயிருந்தபோது இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. தேனிலவில் மனைவி என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1878 அக்டோபர் 24 அன்று ஸ்காட்லாந்திலிருந்து குயின்ஸ் பார்க், காலிடோனியன் என்ற இரண்டு அணிகளைக் கப்பலேற்றி வரவழைத்து பெல்ஃபாஸ்டின் கிரிக்கெட் மைதானம் ஒன்றில் கண்காட்சி ஆட்டம் நடத்தினார். மறு வருடம் செப்டம்பரில் செய்தித்தாளில் விளம்பரம்: கால்பந்துக் கிளப் தொடங்குகிறோம், சேர விரும்புவோர் தொடர்புகொள்க. அப்படிப் பிறந்தது கிளிஃப்டன்வில். முதல் ஆட்டத்தில் ரக்பிக்காரர்கள் கொண்ட க்விட்நங்ஸ் என்ற அணியிடம் தோற்றார்கள்.

1880 நவம்பர் 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் ஹோட்டலில் ஏழு கிளப்புகள் கூடி ஐரிஷ் ஃபுட்பால் அசோசியேஷனை அமைத்தன. எல்லாம் பெல்ஃபாஸ்டும் அதன் சுற்றுவட்டமும் வடக்குப் பகுதியும்தான். உடனேயே கோப்பை. ஸ்காட்லாந்துக்காரர்களின் முறையைப் பார்த்து விதிகளை எடுத்துக்கொண்டார்கள். சங்கத்தையும் கோப்பையையும் ஒரே மூச்சில் தொடங்கியது சும்மா இல்லை: ஆட்டத்தைப் பரப்ப அதைவிட மலிவான வழி கிடையாது. நட்பு ஆட்டத்துக்கு இருநூறு பேர் வருகிற ஊரில், 'தோற்றால் வெளியே' என்று சொன்னால் இரு மடங்கு வருவார்கள்.

முதல் இறுதி 1881 ஏப்ரல் 9, கிளிஃப்டன்வில் மைதானம். மெக்அலரியின் சொந்த அணி சொந்தக் களத்தில் ஆடியது. எதிரணி டெரி மாவட்டத்துக் காசில்டாசன் என்ற கிராமத்தின் மொயோலா பார்க். 1-0 என வென்று கோப்பையைக் கிராமத்துக்கு எடுத்துப் போனது மொயோலா பார்க். கிளிஃப்டன்வில் அடுத்த வருடமும் இறுதியில் தோற்றது, கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்களின் குயின்ஸ் ஐலண்ட் அணியிடம். மூன்றாம் முறை, 1883-இல்தான் கோப்பை கிடைத்தது.

கோப்பை ஆடத் தெரிந்துவிட்டால் தேசமும் ஆடத் தெரிந்ததாகாது. 1882 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து தன் முதல் சர்வதேச ஆட்டத்தை இங்கிலாந்தோடு ஆடி 0-13 எனத் தோற்றது. சில வருடம் கழித்து கிளிஃப்டன்வில் எஃப்.ஏ. கோப்பையில் பெயர் கொடுத்து, ஸ்காட்லாந்தின் பார்டிக் திசிலிடம் 0-11 வாங்கியது. ஒரு பெல்ஃபாஸ்ட் அணியும் ஒரு கிளாஸ்கோ அணியும் இங்கிலாந்தின் கோப்பைக்காக மோதியது விசித்திரமாகத் தோன்றலாம். அன்று அந்தக் கோப்பைக்கு எல்லைக்கோடு கிடையாது. 1885-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் குயின்ஸ் பார்க்கும் ஆடிய அரையிறுதி மறு ஆட்டம் எடின்பரோவிலேயே நடந்தது. 1887-இல் ஸ்காட்லாந்துச் சங்கம் தன் கிளப்புகள் இனி அங்கே போகக் கூடாது என்று தடுத்தது.

அயர்லாந்தில் நிறுத்தியிருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகளும் கோப்பையில் ஆடின. 1890-இல் கோப்பையை வென்றதே கார்டன் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு. அதே பழக்கம் இந்தியாவுக்கும் வந்திருந்தது. சிம்லாவில் 1888-இல் தொடங்கிய டுராண்ட் கோப்பையின் முதல் இறுதியில் மோதிய இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள்.

டப்ளின் பக்கம் மட்டும் வேகம் குறைவு. ரக்பி ஒரு பக்கம் இழுத்தது. 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களை வளர்த்து, இங்கிலாந்துக்காரர் ஆட்டம் என்று கால்பந்தை ஒதுக்கியது. டப்ளினின் பொஹீமியன்ஸ் 1895-இல் இறுதிவரை வந்து லின்ஃபீல்டிடம் 1-10 எனத் தோற்றது. லின்ஃபீல்டு பெல்ஃபாஸ்ட் நூற்பாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப். கோப்பை முதன்முதலாக டப்ளினுக்குப் போனது 1906-இல், ஷெல்போர்ன் வழியாக.

ஒரு கோல்கீப்பரின் யோசனை

கோப்பையால் வந்த விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது பெனால்டி. ஆர்மா மாவட்டத்து மில்ஃபோர்டு கிராமத்தில் லினன் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை வில்லியம் மெக்ரம். அந்த ஊர் அணியின் கோல்கீப்பர். அந்த அணி முதல் ஐரிஷ் லீக்கில் ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் கடைசியில் வந்தது. கோலை நெருங்கும் எதிராளியைக் காலை வாரிவிடுவதோ கையால் பந்தைத் தடுப்பதோ அன்று லாபகரமான காரியம். தண்டனை ஒரு சாதாரண ஃப்ரீ கிக்தான். கோலுக்கு நேராகத் தனியே ஓர் உதை கொடுக்க வேண்டும் என்றார் மெக்ரம். 1890-இல் ஐரிஷ் சங்கத்தின் செயலாளர் ஜாக் ரீட் அதைச் சர்வதேச விதி வாரியத்தின் முன் வைத்தார். கனவான்கள் வேண்டுமென்றே தப்பு செய்வார்களா என்று கோபித்தார்கள், 'அயர்லாந்துக்காரரின் தீர்மானம்' என்று கிண்டலும் செய்தார்கள்.

1891 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. நாட்ஸ் கவுண்டி 1-0 என ஸ்டோக்கைவிட முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஸ்டோக்கின் பந்து கோலுக்குள் போகவிருக்க, நாட்ஸ் தடுப்பாளர் ஒருவர் கோட்டின்மேல் நின்று கையால் தட்டிவிட்டார். ஃப்ரீ கிக். பந்தைக் கோட்டிலிருந்து சில அங்குலத்தில் வைத்தார்கள். கோல்கீப்பர் அதன் முன்னாலேயே போய் நின்றுகொண்டார். உதைத்தவர் உதைத்தது அவர்மேல்தான் பட்டது. ஸ்டோக் வெளியே. நட்பு ஆட்டத்தில் இது நடந்திருந்தால் இரவு விருந்தில் சிரித்திருப்பார்கள். கோப்பையில் நடந்ததால் நாடே பேசியது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று கிளாஸ்கோவில் கூடிய வாரியம் மெக்ரமின் யோசனையை ஏற்றது. நடுவர் எல்லைக்கு வெளியிலிருந்து களத்துக்குள் வந்ததும் அதே வருடம்தான். கோலுக்கு வலையும் அந்த ஆண்டு வந்து, அடுத்த வருட இறுதி ஆட்டத்தில் தொங்கியது.

மறு ஆட்டம் எந்த ஊரில் என்ற பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. டார்வெனின் லண்டன் பயணங்களுக்கு 42 வருடம் கழித்து, விக்டோரியா ராணி இறந்து இருபது ஆண்டான 1921-இல், ஐரிஷ் கோப்பை அரையிறுதியில் ஷெல்போர்ன் பெல்ஃபாஸ்டில் கிளெனாவனோடு டிரா செய்தது. மறு ஆட்டம் முறைப்படி டப்ளினில் நடக்க வேண்டும் என்று ஷெல்போர்ன் எதிர்பார்த்தது. சங்கம் அதையும் பெல்ஃபாஸ்டிலேயே வைத்தது. நாடு விடுதலைப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. ஷெல்போர்ன் போக மறுத்துவிட்டது. அந்த ஆண்டே டப்ளினில் தனிச் சங்கம் அமைத்தார்கள், அடுத்த சீசனில் தனிக் கோப்பையும். அயர்லாந்துத் தீவில் இன்றுவரை இரண்டு சங்கம், இரண்டு தேசிய அணி, இரண்டு கோப்பை.